ஓஃபிர் ரோட்டிலிருந்து வராலோ மலை வரை: திருத்தலச் சிற்றாலயங்களின் சுரூபங்களையும் சுவரோவியங்களையும் பார்க்கப் பழகும் வழி

இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகளை ஆளுயரச் சுரூபங்களாலும் சுவரோவியங்களாலும் காட்டும் இத்தாலியின் வராலோ மலைக்கு முதன்முறை போனபோது, 40க்கும் மேற்பட்ட சிற்றாலயங்களை இரண்டே மணி நேரத்தில் சுற்றி முடித்தேன். கைப்பேசியில் 300 படங்கள் சேர்ந்தன. இரவு அறைக்குத் திரும்பியதும் அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, சேவகனுங்கள்ல ஒருத்தன் கழுத்துல கழலையோட நின்னானே, பாத்தியா?" நான் பார்க்கவில்லை. படங்களைத் தள்ளித் தள்ளித் தேடியும் அவன் அகப்படவில்லை. மறுநாள் அம்மாதான் என்னை அங்கே அழைத்துப் போய்க் காட்டினார்.

அம்மா கலை வரலாறு படித்தவர் அல்லர். இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகத்தை, புதுக்கோட்டைப் பக்கம் ஆவூரில் வெட்டவெளியில் போர்வை விரித்து இரவெல்லாம் விழித்திருந்து பார்த்து வளர்ந்தவர். யூதாஸ் எந்தப் பக்கமிருந்து வருவான், பிலாத்து எங்கே கை கழுவுவான், மாதா எந்த இடத்தில் மயங்கி விழுவார் என்றெல்லாம் கண் தானாகத் தேடும். வராலோ அவருக்கு அசையாமல் நிற்கிற பாஸ்கா. எனக்கு அது வெறும் சுற்றுலாத் தலமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஐரோப்பாவுக்கு விமானம் ஏறுமுன் சிங்கப்பூரிலேயே சில வாரங்கள் கண்ணைப் பழக்கலாம். பயணமே போகாவிட்டாலும் முதல் நான்கு படிகள் வீணாகாது.

முதலில் நம் சொற்கள்

ஆங்கிலக் கையேட்டைத் திறந்தால் வரும் சொற்களில் பாதி நம் கோயில் வழக்கில் ஏற்கெனவே இருக்கிறது. வழிபாட்டுக்கு வைக்கும் உருவம் சுரூபம். மாதா காட்சி தந்த குகையும் அதுபோல் கட்டிய இடமும் கெபி. சுரூபத்தை வைத்துத் தூக்கிப் போவது சப்பரம். நெஞ்சில் வாள்கள் பாய்ந்து நிற்பவர் வியாகுல மாதா. இயேசு பிறப்புக் காட்சி குடில். கோபுரத்தில் பார்க்கும் சுண்ணாம்பு உருவ வேலைக்குச் சுதை என்று பெயர். பவேரியத் திருத்தலங்களில் கூரையெங்கும் பூத்துக் கிடக்கும் வேலையும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

நமக்குப் பழகாத சொல் ஒன்றே ஒன்று: ஃபிரெஸ்கோ. சுவரில் எழுதிய எல்லா ஓவியமும் ஃபிரெஸ்கோ ஆகிவிடாது. அதை நான்காம் படியில் விரிவாகப் பார்ப்போம்.

படி 1: ஓஃபிர் ரோட்டில் அரை மணி நேரம்

சிங்கப்பூரின் ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் லூர்து மாதா ஆலயம். இந்த ஆலயம் வருமுன் தமிழ்க் கத்தோலிக்கர்களும் சீனக் கத்தோலிக்கர்களும் குவீன் ஸ்ட்ரீட்டில் உள்ள புனித பேதுரு பவுல் ஆலயத்தைப் பகிர்ந்து கொண்டிருந்தார்கள். தமிழர்களுக்கென்று தனிக் கோயிலாக இது 1888இல் எழுந்தது. பிரான்ஸின் லூர்து நகரப் பேராலயத்தை முன்மாதிரியாக வைத்துக் கட்டியது. 2005இல் தேசிய நினைவுச் சின்னமானது. திருப்பலி இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

கெபியின் முன் நின்று மாதாவின் சுரூபத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். வழக்கமாக நாம் முகத்தைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அதனால் இந்தப் பயிற்சிக்கு முகத்தைக் கடைசியில் வையுங்கள். பாதத்தில் மஞ்சள் ரோஜா இருக்கிறதா? இடையில் நீலக் கச்சை, கையில் ஜெபமாலை, தலையில் வெள்ளை முக்காடு, மேல்நோக்கிய கண்கள். இவை ஒவ்வொன்றும் 1858இல் மாதாவைக் கண்டதாக லூர்து நகரச் சிறுமி பெர்னதெத் சொன்ன அடையாளங்களிலிருந்து வந்தவை. அந்த வாய்மொழியை வைத்து, 1864இல் ஃபாபிஷ் என்ற சிற்பி வெள்ளைப் பளிங்கில் செதுக்கிய உருவம்தான் லூர்துக் குகையில் இன்றும் நிற்கிறது. உலகம் முழுதும் உள்ள லூர்து மாதா சுரூபங்களுக்கு மூலம் அதுதான். பெர்னதெத்துக்கு அந்தச் சிலை பிடிக்கவில்லை. அவர் கண்டது தன்னைப் போன்ற சின்ன உருவம். சிற்பி செய்ததோ வளர்ந்த, கம்பீரமான ஒரு பெண். ஒருத்தி கண்டதும், இன்னொருவர் செதுக்கியதும், நாம் நூற்றாண்டுக்கு மேலாகக் கும்பிடுவதும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்திவிடுவதில்லை. சுரூபத்தின் முன் நிற்கும்போது இந்த இடைவெளி நினைவில் இருக்கட்டும்.

அடுத்து, கையிலும் காலடியிலும் என்ன இருக்கிறது என்று பார்த்தே பெயர் சொல்லப் பழகுங்கள். குழந்தை இயேசுவும் லீலி மலரும் அந்தோணியார். உடம்பில் அம்பு செபஸ்தியார். சாவி பேதுரு. ஐந்து காயமும் இடுப்பில் கயிறும் அசிசியார், அதாவது அசிசி நகரப் புனித பிரான்சிஸ். உள்ளூர்க் கோயில்களில் பத்துச் சுரூபங்களைத் தடுமாறாமல் சொல்லிவிட்டால், ஐரோப்பியச் சிற்றாலயத்தில் இருட்டில் நிற்கும் பத்தொன்பதாவது ஆளும் உங்களுக்கு அந்நியனாக இருக்க மாட்டான்.

படி 2: சைம்ஸ் தூண்கள்

இது சின்னப் படி. விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள சைம்ஸ் இப்போது உணவகங்களும் கல்யாண வரவேற்புகளுமாக இருக்கிறது. முன்பு கன்னியர் மடம். 1904இல் முடிந்த அதன் சிற்றாலயத்தை வடிவமைத்தவர் சார்ல்ஸ் நேன் என்ற பாதிரியார். சிற்றாலயத்திலும் நடைகளிலும் உள்ள 648 தூண்தலைகளில் வெப்பமண்டலச் செடிகொடிகளும் பறவைகளும் புடைத்திருக்கின்றன. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பார்கள். 648ஐயும் பார்க்கப் போக வேண்டாம். ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் மூன்று நிமிடம் நின்று, கைக்கு வந்தபடி பென்சிலால் கிறுக்குங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. இலை எங்கே தொடங்கி எங்கே மடிகிறது என்பதைக் கை தொடர்ந்து போனால், அதன் பின்னே கண்ணும் போகும். படம் பிடிக்கத் தடை. யாரும் தடுக்க மாட்டார்கள், நீங்களே உங்களுக்கு விதித்துக் கொள்வதுதான்.

படி 3: பெரிய வெள்ளி இரவு

சுரூபம் நின்ற இடத்தில் நிற்பதற்காக மட்டும் செய்யப்படுவதில்லை. விக்டோரியா ஸ்ட்ரீட்டின் புனித சூசையப்பர் ஆலயத்தில் பெரிய வெள்ளியன்று, ஆளுயர இயேசுவின் உருவத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பவனியாக எடுத்துப் போவார்கள். போர்த்துக்கீசிய மறைப்பணியிலிருந்து வந்த பழக்கம். சீக்கிரம் போங்கள், கூட்டம் நெரியும். போனதும் ஒன்றைக் கவனியுங்கள்: பகல் வெளிச்சத்தில் மிகையாகத் தெரிந்த இரத்தச் சிவப்பு, மெழுகுவத்தி ஒளியில் எப்படி அடங்கிப் போகிறது? இந்த உருவங்கள் மின்விளக்குக்காகப் பிறந்தவை அல்ல. அசையும் ஒளிக்காகவே அந்த அளவு நிறம் தீட்டினார்கள்.

இதே வகைச் சுரூபம் ஒன்றுதான் ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு பெரிய திருத்தலத்துக்கே காரணமானது. 1730இல் பெரிய வெள்ளிப் பவனிக்காக, பல மரத்துண்டுகளை ஒட்டி, மூட்டுகளில் துணி சுற்றி, கசையடி பட்ட இயேசுவின் உருவம் ஒன்றைச் செய்தார்கள். பார்ப்பவர்களுக்கு அது அளவுக்கு மீறிய கோரமாகப் பட்டதால் பரணில் போட்டுவிட்டார்கள். ஒரு விவசாயக் குடும்பம் அதைத் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனது. 1738 ஜூன் 14 அன்று அதன் கண்ணில் நீர் கண்டதாகச் சொல்ல, மக்கள் திரள ஆரம்பித்தார்கள். முதலில் சிறிய சிற்றாலயம். பிறகு 1745 முதல் 1754 வரை டொமினிக்குஸ் சிம்மர்மான் கட்டிய வீஸ் ஆலயம். அதன் கூரையில் அவருடைய அண்ணன் யோகான் பாப்டிஸ்ட் தீட்டிய சுவரோவியத்தில், இயேசு வானவில்லின் மேல் அமர்ந்திருக்கிறார். தீர்ப்பு அரியணை காலியாக இருக்கிறது. நித்தியத்தின் கதவு இன்னும் மூடியிருக்கிறது. வெள்ளையும் பொன்னும் மினுங்கும் அத்தனை ஆடம்பரத்துக்கும் நடுவில் பீடத்தில் நிற்பது, பரணில் கிடந்த அதே துணி ஒட்டிய பொம்மை. கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியேறுபவர்கள் அதிகம். பெரிய வெள்ளியை நேரில் பார்த்தவர்கள் பீடத்தருகே நின்றுவிடுகிறார்கள்.

படி 4: சாங்கியும் ஈரச்சுண்ணாம்பும்

இந்தப் படிக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

சாங்கி சிற்றாலய அருங்காட்சியகத்தில் ஸ்டான்லி வாரன் வரைந்த சுவரோவியங்களின் பிரதிகள் உள்ளன. 1942இல் ஜப்பானியரின் போர்க்கைதியாக, ராபர்ட்ஸ் பாசறையின் 151ஆம் கட்டடத்தில் நோயாளியாகக் கிடந்தபோது, புனித லூக்காவின் பெயரிலான சிற்றாலயத்தின் சுவர்களில் ஐந்து காட்சிகளை வரைந்தார். உருமறைப்புக்கான பழுப்புப் பெயின்ட், கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு, நீலத்துக்குப் பில்லியர்ட்ஸ் சாக்கட்டியை இடித்த பொடி. அது ஆங்கிலிக்கன் சிற்றாலயம், கத்தோலிக்கர்களுடையது இல்லை. கத்தோலிக்கக் கைதிகள் கட்டிய சிற்றாலயம் ஒன்று போருக்குப் பின் ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1988 முதல் கான்பெராவின் டன்ட்ரூன் ராணுவக் கல்லூரியில் நிற்கிறது. ஆனால் சுவரோவியத்தைப் பழக வாரனைவிட நல்ல ஆசான் இந்தத் தீவில் இல்லை. ஐந்தில் ஒன்றின் கீழ்ப்பகுதி, சுவரை இடித்துக் கதவு வைத்தபோது போய்விட்டது. வாரன் பிற்பாடு மூன்று முறை திரும்பி வந்து சீரமைப்பு செய்தார். மருந்து இல்லாத ஆஸ்பத்திரியில் வலியோடு படுத்திருப்பவன், அந்தச் சுவரில் முதலில் எதைப் பார்த்திருப்பான்? இந்தக் கேள்வியோடு பிரதிகளின் முன் நில்லுங்கள்.

வாரனுடையது ஃபிரெஸ்கோ இல்லை. காய்ந்த சுவரின் மேல் பெயின்ட் பூசியது. ஃபிரெஸ்கோ என்றால், ஈரம் காயாத சுண்ணாம்புச் சாந்தின் மேல், நிறப்பொடியைத் தண்ணீரில் மட்டும் குழைத்துத் தீட்டுவது. பசை எதுவும் கிடையாது. நீறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. அந்தப் படிகங்களுக்குள் நிறம் சிக்கிக்கொள்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து வைத்தால் மேலே ஏடு படிந்து கல்லாகிறதே, அதே வேதியியல்தான். ஆகவே நிறம் சுவரின் மேல் இருப்பதில்லை; சுவராகவே ஆகிவிடுகிறது.

இதிலிருந்து கண்ணுக்கு வேலை தரும் மூன்று விஷயங்கள் பிறக்கின்றன.

சாந்து ஈரமாக இருக்கும்போதே தீட்டி முடிக்க வேண்டும். ஆகவே ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவுக்குத்தான் அன்று காலை சாந்து பூசுவார்கள். இத்தாலியர் இந்த ஒரு நாள் துண்டை ஜோர்னாத்தா என்பார்கள். மறுநாள் துண்டு முதல் நாள் துண்டின் ஓரத்தில் ஏறி நிற்கும். பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்போது அந்த விளிம்பு மெல்லிய தையல்போலத் தெரியும். வானத்துக்குப் பெரிய துண்டு, முகத்துக்குச் சின்னத் துண்டு. ஒரு முகத்தைச் சுற்றி மட்டும் தனித்தையல் ஓடினால், ஓவியர் ஒரு முழு நாளை அந்த ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்து கோடுகள். தாளில் வரைந்ததைச் சுவருக்கு மாற்ற, கோடு நெடுக ஊசியால் துளையிட்டுக் கரிப்பொடிப் பையால் தட்டுவார்கள். அரிசிமாவு அச்சுத் தட்டில் கோலம் போடுவது மாதிரி. அல்லது கூரான முனையால் ஈரச்சாந்தில் அழுத்திக் கீறுவார்கள். இந்தப் புள்ளிகளும் கீறல்களும் இன்றும் தெரியும்.

மூன்றாவது, உதிர்ந்த நீலம். சில நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது. அவற்றைச் சுவர் காய்ந்த பிறகு பசை சேர்த்துப் பூசினார்கள். அஸுரைட் நீலம் அப்படிப் பட்டது. முதலில் உதிர்வதும் அதுதான். மாதாவின் மேலாடை மட்டும் வெளுத்து, மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்தால் குழம்ப வேண்டாம். இத்தாலியின் அசிசி நகரில் சிமாபுவே என்ற ஓவியரின் சுவரோவியங்களில் ஈய வெள்ளை கறுத்துப் போனதால், ஒளி இருக்க வேண்டிய இடம் இருளாகி, படமே ஃபிலிம் நெகட்டிவ்போல் காட்சி தருகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டெடுத்தார். அதுவும் சுண்ணாம்புச் சாந்தின் மேல் எழுந்ததுதான். தஞ்சாவூர்க்காரர்கள் இந்தப் படியில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக் கொள்ளலாம்.

படி 5: எந்த மலை?

இத்தாலியின் வடக்கே, பியெமோந்தே, லொம்பார்தியா பகுதிகளில் ஒன்பது புனித மலைகள் 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. மலைச்சரிவில் சிற்றாலயங்களை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை ஆளுயரச் சுரூபங்களாலும் சுவரோவியத்தாலும் நிரப்பி வைத்த இடங்கள். நீங்கள் எதை எடுப்பது?

உங்கள் கையில் ஜெபமாலை இருந்தால் வரேசே. 1604இல் தொடங்கியது, ஜுசெப்பே பெர்னாஸ்கோனே என்ற கட்டடக் கலைஞரின் திட்டம். சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள அகன்ற கல்பாதையில் 14 சிற்றாலயங்கள். ஜெபமாலையில் தியானிக்கும் நிகழ்ச்சிகளான தேவ இரகசியங்களுக்கு ஒவ்வொன்று; 15ஆவது உச்சியிலுள்ள திருத்தலத்திலேயே நிறைவடைகிறது. சந்தோஷம், துக்கம், மகிமை என்று மூன்றும் உண்டு. ஒளியின் தேவ இரகசியங்களைத் தேட வேண்டாம், அவற்றை 2002இல்தான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தார். மிலானிலிருந்து ரயிலில் வந்து பஸ் ஏறினால் அடிவாரம். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு ஏற்றம் சிரமம்தான் என்றாலும் பாதை நல்ல பாதை. மூன்றாம் சிற்றாலயத்தின் வெளிச்சுவரில் ரெனாத்தோ குத்தூசோ என்ற ஓவியர் 1983இல் அக்ரிலிக்கில் தீட்டிய எகிப்துக்கு ஓடும் காட்சியைப் பார்த்துவிட்டு, அது அந்த இடத்தில் ஒட்டுகிறதா இல்லையா என்று உங்களோடு வருபவரிடம் சண்டை பிடியுங்கள். எனக்கு ஒட்டவில்லை. அம்மாவுக்கு அந்தக் கழுதை பிடித்துப் போனது.

அசிசியார்மேல் பற்று இருந்தால் ஓர்த்தா. 1590இல் தொடங்கியது, 20 சிற்றாலயங்களில் 376 சுரூபங்கள் அவர் வாழ்க்கையைச் சொல்கின்றன. கீழே ஏரி. சாப்பாடும் நன்றாக இருக்கும்.

ஒன்றுதான் போக முடியும் என்றால் வராலோ. எல்லாவற்றுக்கும் மூத்தது அதுதான். புனித நாட்டில் பணியாற்றித் திரும்பிய பெர்னார்தீனோ கைமி என்ற பிரான்சிஸ்கன் துறவி, எருசலேமுக்குப் போக முடியாதவர்களுக்காக எருசலேமையே செசியா பள்ளத்தாக்கின் மேல் கட்ட நினைத்தார். 1491க்குள் திருக்கல்லறை தயாராகிவிட்டது. இன்று ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் 800க்கும் அதிகமான சுரூபங்கள். மிலானின் பேராயர் சார்ல்ஸ் பொரோமேயோ 1584 இலையுதிர் காலத்தில் இங்கே வந்து தியானத்தில் தங்கினார். ஊர் திரும்பி நவம்பர் தொடக்கத்தில் இறந்தார்.

படி 6: ஒரு சிற்றாலயத்தின் முன் என்ன செய்வது

வராலோவில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். என் அனுபவம் போதும். ஏழு சிற்றாலயங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 20 நிமிடம் கொடுங்கள்.

முதலில் முழந்தாளிடுங்கள். இது பக்திக்கான அறிவுரை மட்டும் இல்லை. தொடக்கத்தில் யாத்திரிகர்கள் உள்ளே நுழைந்து சுரூபங்களுக்கு நடுவே நடந்தார்கள். பின்னர் மரத்தடுப்புகள் வந்தன. பார்ப்பதற்குத் துளைகள் விட்டார்கள். அந்தத் துளைகள் பல முழந்தாளிட்டவரின் கண் மட்டத்தில் இருக்கின்றன. எந்தக் கோணத்திலிருந்து நீங்கள் பார்க்க வேண்டும் என்று ஏற்கெனவே ஒருவர் தீர்மானித்துவிட்டார். நின்றபடி தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தால் தலைகளும் தொப்பிகளும்தான் தெரியும். ஒரு துளையில் பார்த்ததும் அடுத்த துளைக்குப் போங்கள். இயேசுவை மறைத்த சேவகன் இப்போது விலகியிருப்பான்.

கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பிறகு, மண் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். இந்த மலையின் உயிரே அந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. 38ஆம் சிற்றாலயமான சிலுவைச்சாவில், 1520 வாக்கில் கௌதென்சியோ ஃபெர்ராரி சுரூபங்களையும் தானே செய்தார், சுவரையும் தானே தீட்டினார். முன்னால் நிற்கும் கூட்டம் சுடுமண். அதன் பின்னால் தொடரும் கூட்டம் வண்ணம். குதிரைகள், குழந்தையைத் தூக்கிவந்த பெண்கள், நாயோடு நிற்பவர்கள் எல்லாரும் மண்ணிலிருந்து சுவருக்கு நழுவிப் போகிறார்கள். மேலே வளைவில் தேவதூதர்கள் அழுகிறார்கள். சில உருவங்களுக்கு நிஜ முடி, கண்ணாடிக் கண். எந்த இடத்தில் கை நீட்டினால் தொட முடியும், எந்த இடத்தில் முடியாது என்று சொல்ல முயன்று பாருங்கள். நான் நான்கு முறை தவறாகச் சொன்னேன்.

சுடுமண் என்றதும் பொம்மை அளவை நினைக்க வேண்டாம். ஆளுயர உருவத்தைச் சுட வேண்டுமானால் உள்ளே கூடாக இருக்க வேண்டும், துண்டு துண்டாகச் சுட்டுப் பொருத்த வேண்டும். நம் அய்யனார் கோயில் குதிரைகளைச் செய்யும் வேளார்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. கழுத்தணி, இடுப்புக் கச்சை, ஆடை மடிப்பு இருக்கும் இடங்களில் பொருத்தின் தடத்தைத் தேடுங்கள். 20ஆம் சிற்றாலயத்தில் கடைசி இராவுணவுச் சுரூபங்கள் மட்டும் வேறு மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருக்கும். அவை மரம், மற்றவற்றைவிடப் பழையவை. மேசையில் சாப்பாடு பரப்பியிருப்பதை அம்மா வெகுநேரம் பார்த்தார்.

33ஆம் சிற்றாலயம் 'இதோ மனிதன்'. மேலே மாடத்தில் பிலாத்து இயேசுவைக் காட்ட, கீழே கூட்டம் கத்துகிறது. சுரூபங்கள் ஜொவான்னி தென்றிக்கோ, சுவர் மொரத்சோனே. சுவரில் எழுதிய மாடங்களிலும் ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இங்கே ஒரு கணக்குப் போடுங்கள்: எத்தனை பேர் இயேசுவைப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் உங்களைப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள்? முதுகு காட்டுபவர்களுக்குப் பின்னால் நிற்பது நீங்கள். அதாவது, கத்துகிற கூட்டத்தின் கடைசி வரிசை நீங்கள்தான். பாஸ்காவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற ஒருவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அடுத்த 34இல் பிலாத்து கை கழுவுகிறார். சுவரைத் தீட்டியவர் தான்சியோ. அவர் ஜொவான்னி தென்றிக்கோவின் தம்பி. அண்ணன் மண்ணிலும் தம்பி சுவரிலுமாக வேலை செய்த ஊர் இது. எங்கே அண்ணன் விட்டதைத் தம்பி எடுத்துக் கொள்கிறார் என்று பாருங்கள்.

இப்போது கழலைக்காரன். செசியா பள்ளத்தாக்கு போன்ற ஆல்ப்ஸ் பகுதிகளில் அயோடின் குறைவால் கழுத்துக் கழலை அந்தக் காலத்தில் சாதாரணம். சிற்பிகள் அக்கம்பக்கத்தில் பார்த்த முகங்களையே சேவகர்களுக்கு வைத்தார்கள். நல்லவர்களுக்கு அழகிய முகம், கெட்டவர்களுக்கு நோயாளி முகம். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. அந்த ஊரில் கழலையோடு வாழ்ந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து மண்டியிட்டு, இயேசுவை அடிப்பவன் முகத்தில் தன் கழுத்தைப் பார்த்திருப்பார் அல்லவா? அழகு பார்க்கும்போது இதையும் பாருங்கள். அம்மா அவனைக் கண்டுபிடித்ததும் முதலில் சொன்னது: "பாவம், உப்பு இல்லாத ஊரு போல."

கடைசியாக, பழுது பார்த்த இடங்கள். சிராங்கூன் ரோட்டிலும் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலும் குடமுழுக்குக்கு முன் கோபுரச் சுதைகள் புது வண்ணம் பெறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, வெளுத்துப்போன முகத்தை அப்படியே விட்டிருப்பது அலட்சியமாகப் படலாம். இங்கே முறை வேறு. இழந்த இடத்தை மெல்லிய இணைகோடுகளால் நிரப்புவார்கள். தூரத்தில் ஒன்றாகத் தெரியும், கிட்டத்தில் புதியது எது என்று காட்டிக் கொடுக்கும். எது சரி என்ற வழக்கில் நான் இறங்க மாட்டேன். வழிபடும் தெய்வத்துக்குப் புத்தாடை உடுத்துவதற்கு ஒரு நியாயம் உண்டு. 500 வருடத்துக்கு முன் ஒருவர் வைத்த தூரிகைத் தடத்தைத் தொடாமல் விடுவதற்கும் ஒரு நியாயம் உண்டு.

படி 7: போக வர

மிலானுக்கு நேரடி விமானம் உண்டு. 13 மணி நேரம், கொஞ்சம் முன்பின். சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் குறுகிய காலத்துக்கு விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு, நிரந்தரவாசியாக இருந்தாலும், ஷெங்கன் விசா வேண்டும். விடுமுறைக் காலத்தில் நாள் கிடைப்பது கடினம், முன்கூட்டியே போடுங்கள். மால்பென்சா விமான நிலையத்திலிருந்து வராலோவுக்குக் கார்தான் சுலபம். ஊரிலிருந்து மலைக்குக் கேபிள் கார் இருக்கிறது. நடந்து ஏறுவதும் நல்லது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா உச்சிக்கு (163 மீட்டர்) ஏறிப் பழகிய கால்களுக்கு, ஊரிலிருந்து ஏறும் பாதை பெரிதாகத் தெரியாது. மலையைச் சுற்றிவர நுழைவுக் கட்டணம் கிடையாது.

மே முதல் செப்டம்பர் வரை போகலாம். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள், உச்சியிலுள்ள பேராலயத்துக்கும் அதுவே திருநாள். அன்று கூட்டமும் அதிகம், கீழே கடைகளும் பல மூடியிருக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை, சின்ன பைனாகுலர், முழங்காலுக்கு அடியில் போட ஒரு மடித்த துண்டு. கடைசியாகச் சொன்னது அம்மாவின் யோசனை. மரப்பலகையில் 20 நிமிடம் மண்டியிட்டால் அதன் அருமை தெரியும். ஃபிளாஷ் போடாதீர்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பி உங்கள் முகம்தான் படத்தில் வரும்.

படம் எடுப்பதானால், ஒரு சிற்றாலயத்துக்கு ஒன்று. அதுவும் 20 நிமிடம் முடிந்த பிறகு.

படி 8: வீட்டுக்கு வந்தபின்

திரும்பிய முதல் வாரத்திலேயே, படங்களைத் திறக்காமல், பார்த்த ஏழு சிற்றாலயங்களில் ஒன்றை நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். யார் எங்கே நின்றார், யார் யாரைப் பார்த்தார் என்று பெட்டியும் கோடுமாகப் போட்டால் போதும். விட்டுப்போன இடங்கள்தான் நீங்கள் பார்க்காமல் விட்டவை. அதன் பிறகு படத்தோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் மறுபடி ஓஃபிர் ரோட்டுக் கெபிக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் அம்மா அந்தப் பாடத்தைக் குடிலில் செய்து பார்த்தார். போன டிசம்பரில் ஒரு இடையனை வாசலைப் பார்க்க நிறுத்தாமல், நமக்கு முதுகு காட்டி, குழந்தையைப் பார்க்க நிறுத்தினார். வந்தவர்கள் எல்லாரும், ஏதோ தவறுதலாகத் திரும்பிவிட்டது என்று நினைத்து, அவனை நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் பலகாரம் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர்கள் போனதும் அம்மா எழுந்துபோய் அவனை மறுபடி திருப்பிவைத்தார். ஜனவரித் தொடக்கத்தில் வரும் திருக்காட்சித் திருநாள் வரை இது தினமும் நடந்தது.